பெலிம்பிங் சாறும் ஒரு பொய்யும்

புஷ்பவள்ளி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை பார்க்கிறாள். வெளியிலிருந்து வரும் சாமான்களைப் பரிசோதித்து உள்ளே அனுப்புவது அவள் பொறுப்பு. யார் செய்தது, எப்போது செய்தது, யார் பார்த்து ஒப்புதல் கொடுத்தது என்று தெரியாமல் ஒரு பெட்டியைக்கூட அவள் உற்பத்தி லைனுக்குள் விட்டதில்லை. சூப்பர்வைசரே நேரில் வந்து, "அர்ஜெண்ட் லா புஷ்பா, இந்த ஒரு தடவை விட்டுடு" என்று கெஞ்சினாலும் அசையமாட்டாள். பக்கத்து மேசையில் வேலை செய்யும் ரொஸ்னா அவளுக்குக் 'கஸ்டம்ஸ்' என்றே பெயர் வைத்திருந்தாள்.

அவள் கணவர் கார்த்திகேசு சொந்தமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவர்கள் குடியிருந்த ஜெலுத்தோங் பிளாட்டில் அவரைத் தெரியாத பிள்ளை கிடையாது. விடியும் முன்னே எழுந்து, தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, பஸ்ஸின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார். பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொருவரிடமும், "பசியாறியாச்சா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லும் பிள்ளைக்கு டேஷ்போர்டில் பிஸ்கட் இருக்கும். நாற்பது வயதிலிருந்தே அவருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. அவருடைய பிஸ்கட்டை அவரே தொடமாட்டார்.

ஐம்பத்து மூன்றாவது வயதில், வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில், சிறுநீரகம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் டயாலிசிஸ் வேண்டாம், ஆனால் சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, உணவு ஆலோசனை சொல்லும் ஃபாத்தின் என்ற பெண்ணிடம் அனுப்பி வைத்தார்கள். அன்று புஷ்பவள்ளிக்கு ஓவர்டைம். அவர் தனியாகத்தான் போனார்.

"என்னா சொன்னாங்க?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"உப்பைக் கொறைக்கணுமாம். பழத்தப் பாத்துச் சாப்பிடணுமாம். நெறைய சொல்லிச்சு அந்தப் பொண்ணு."

"எந்தெந்தப் பழம்?"

"எல்லாம் சொல்லிச்சு லா. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். எதுனா சந்தேகம்னா ஃபோன் பண்ணச் சொல்லிச்சு."

அவள் ஃபோன் பண்ணவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டால் இன்னும் எதையெல்லாம் வேண்டாம் என்று சொல்வாளோ என்று இருந்தது. பயப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது. அவளுடைய அண்ணன் சுகுமாரன் டயாலிசிஸ் மெஷினில் நாலு வருஷம் கிடந்து, பாதி ஆளாகி, பிறகு போனவர். கார்த்திகேசுவை அந்த நாற்காலியில் பார்க்க அவளால் முடியாது. வேறு வழி ஒன்று எங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பினாள்.

தேடியது பெரும்பாலும் தொழிற்சாலை பஸ்ஸில். போக முக்கால் மணி, வர அதற்கும் மேலே. மற்ற பெண்கள் கண்ணயர்ந்திருக்க, அவள் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரிகளின் பக்கங்களும் வந்தன. இங்கிலீஷிலும் மலாயிலும், சிலது தமிழிலும், எண்களாக இருந்தன. அந்த எண் குறைந்தால் இது வரும், இது குறைந்தால் அது வரும் என்று போட்டிருந்தது. இரண்டு வரி படித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அப்படி நகர்ந்து போனபோதுதான் ஒரு வீடியோவில் அந்த மனிதர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். சுத்தமான தமிழ். தன்னை 'ஐயா' என்று அழைத்தால் போதும் என்றார். "கிட்னி போச்சுன்னு சொல்லி உங்கள மெஷின்ல படுக்க வைப்பாங்க. பயப்படாதீங்க அம்மா. படுக்க வேண்டியதில்ல" என்றார். அந்த 'அம்மா' தன்னையே பார்த்துச் சொன்னதுபோல இருந்தது அவளுக்கு. பெலிம்பிங் பழத்தை, வெட்டினால் நட்சத்திரம் போல விழுமே அந்தப் பழத்தை, பழுக்காத புளிப்புப் பதத்தில் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் சிறுநீரகம் கழுவி விட்டதுபோல ஆகிவிடும் என்றார். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா வேண்டாம்னுதான் சொல்வாங்க. அவங்க பொழப்பு அது."

கீழே நூற்றுக்கணக்கில் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். அதோடு விடவில்லை அவள். தானும் சரிபார்க்கத்தான் செய்தாள். 'பெலிம்பிங் சாறு சிறுநீரகம் நன்மைகள்' என்று தமிழில் தட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக நன்மைகள் வந்தன. இத்தனை பேர் சொல்கிறார்கள், பொய்யாக இருக்குமா என்று மனம் சமாதானமாகிவிட்டது.

மகள் துளசி கோலாலம்பூரில் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தாள். அவளுக்கும் அந்த வீடியோவை அனுப்பினாள். உடனே ஃபோன் வந்தது.

"யாரும்மா அந்த ஆளு? பேரு என்னா, எங்க படிச்சாரு, எதுவுமே போடலியே?"

"பாரு எத்தன லட்சம் பேரு பாத்திருக்காங்க. அத்தன பேருமா முட்டாளு?"

"பாத்தவங்களுக்கு நல்லாச்சான்னு அதுல எங்க இருக்கு? அப்பாவோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடும்மா."

"டாக்டர்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க. அவங்க பொழப்பு அது" என்றாள் புஷ்பவள்ளி. யாருடைய வார்த்தையைத் தான் சொல்கிறோம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. "உங்கப்பாவ எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்று சேர்த்துச் சொன்னதும் துளசி அடங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் பாசாரில் நல்ல பச்சைக்காயாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கினாள். மறுநாளிலிருந்து அவர் குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடித் தம்ளர் நிறையச் சாறு. முதல் மடக்கிலேயே அவர் முகம் கோணிக்கொண்டது.

"யம்மா! பேட்டரித் தண்ணி மாதிரி இருக்கு."

"கண்ண மூடிட்டுக் குடிங்க."

"குடிச்சா மெஷின் வேணாமா?"

"வேணாம்."

"அப்ப ரெண்டு தம்ளராக் குடு" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். முழுவதையும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். மருந்து குடித்த சின்னப் பிள்ளை அம்மாவிடம் காட்டுவது மாதிரி.

ஒரு வாரம் கழிந்திருக்கும், அவருக்கு விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தார், மூச்சைப் பிடித்தார், சர்க்கரை இல்லாத பிஸ்கட்டை விழுங்கினார். நிற்கவில்லை. "யாரோ பழைய காதலி நெனக்கிறா போல" என்று அவள் கேலி செய்தாள். "அவளுக்கும் வேற வேல இல்லியா" என்று விக்கலுக்கு நடுவே அவர் பதில் சொன்னார். பஸ்ஸில் பிள்ளைகள் அவர் விக்குவதை எண்ணி விளையாடினார்களாம். இரண்டாம் நாளும் விக்கல் இருந்தது. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. நச்சு வெளியேறும்போது உடம்பு கொஞ்சம் காட்டும், பயப்படக் கூடாது என்று அந்த ஐயா முன்னமே சொல்லி வைத்திருந்தார். ஆகவே அவள் பயப்படவில்லை. அன்றைக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் வேலையிடத்துக்கு ஃபோன் வந்தது. பிளாட்டின் காவல்காரர் அப்துல் ரசாக் பேசினார். கார்த்திகேசு பஸ்ஸைக் கீழே கொண்டுவந்து நிறுத்தியவர் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார், எந்த மாடி என்று தெரியாமல் கேட்கிறார், உடனே வாருங்கள் என்றார். நல்லவேளை, பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார். ரொஸ்னா தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் அப்துல் ரசாக் ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார். புஷ்பவள்ளி பஸ்ஸுக்குள் ஏறி அவர் கையைப் பிடித்தபோது, கார்த்திகேசு அவளை உற்றுப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஸ்டியரிங் மேலேயே வாந்தி எடுத்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் அஸ்ஹர் என்ற இளைஞர் இருந்தார். துளசியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நிதானமாக, ஒவ்வொன்றாக மலாயில் கேட்டார். இனிப்பு நீர் எத்தனை காலமாக, என்ன மாத்திரை, கீழே விழுந்தாரா. பிறகு கேட்டார்: "நாட்டு மருந்து, மூலிகை, ஜூஸ், புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா?"

புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் ஒரு தாதி எழுதிக்கொண்டு நின்றாள். அடுத்த படுக்கைக்காரரின் வீட்டார் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'படிக்காதவள்போல இப்படிச் செய்திருக்கிறாளே' என்று அத்தனை முகங்களும் சொல்லப்போவது அவளுக்கு முன்கூட்டியே கேட்டது. சாறுதானே, பழம்தானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இல்லை" என்றாள்.

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். மூளையில் அடைப்பாக இருக்கலாம் என்று தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அதில் ஒன்றுமில்லை. கிருமித் தொற்றா என்று பார்த்தார்கள். பரிசோதனை மேல் பரிசோதனையாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து விக்கல் சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

சாயங்காலம் ஆனபோது அந்தச் சத்தம் நின்றது. நின்றுவிட்டதே என்று நிம்மதியாக எழுந்தாள். ஆனால் உள்ளே ஆட்கள் ஓடினார்கள். திரை விலகிய இடைவெளியில் அவருடைய கால்கள் வெட்டி வெட்டி இழுப்பது தெரிந்தது. அண்ணன் சாகும்போதுகூட அவள் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

ஃபோனை எடுத்தாள். 'பெலிம்பிங் சிறுநீரகம்' என்று தட்டினாள். 'நன்மைகள்' என்ற சொல்லைச் சேர்க்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் வந்ததே எச்சரிக்கை. அதற்கு அடுத்ததும் அதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பழத்தைத் தொடவே கூடாது; நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் நஞ்சை இவர்களுடையது வெளியேற்றாது; அது மூளைக்கு ஏறும். நிற்காத விக்கல், வாந்தி, தூக்கமின்மை, குழப்பம், வலிப்பு. அவள் வீட்டில் நடந்ததை யாரோ கூட இருந்து பார்த்து எழுதியதுபோல வரிசையாக இருந்தது. எழுதிய மருத்துவரின் பெயர், அவர் வேலை பார்க்கும் இடம், கடைசியாகத் திருத்திய தேதி எல்லாம் கீழே போட்டிருந்தது. இதே பக்கத்தைத்தான் அவள் பஸ்ஸில் இரண்டு வரி படித்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். மேலே இருந்த நீலக் கட்டத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

அவள் ஓடினாள். உள்ளே வரக்கூடாது என்று தாதி தடுத்ததையும் மீறி, டாக்டர் அஸ்ஹரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மலாய் வரவில்லை. தமிழில்தான் வந்தது. "பெலிம்பிங் டாக்டர்! பெலிம்பிங் ஜூஸ் குடுத்தேன். தினமும் குடுத்தேன். நான் பொய் சொல்லிட்டேன்." மற்றது விளங்கவில்லை என்றாலும் அந்தப் பழத்தின் பெயர் அவருக்கு விளங்கியது. "எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே திரும்பி, டயாலிசிஸ் பிரிவுக்கு ஃபோன் போடச் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்று பிற்பாடு அவள் பல முறை நினைத்ததுண்டு.

கார்த்திகேசு பிழைத்தார். பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, கண் திறந்து, ஆளை அடையாளம் கண்டார். ஆனால் மிச்சமிருந்த கால்வாசிச் சிறுநீரகமும் போய்விட்டது. எந்த நாற்காலியை அவள் தடுக்கப் பார்த்தாளோ அதில் வாரத்துக்கு மூன்று முறை அவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. பேச்சு மெதுவாகிவிட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே தேடுவார். பஸ் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது என்று ஆகிவிட்டது. பஸ்ஸை வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது அவர் மாடியிலிருந்து பார்க்கவில்லை. அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவும் ஆகியிருக்குமா என்று ஒருநாள் டாக்டரிடமே கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சொல்ல முடியாது. வலிப்பு வருவதற்கு முன்னால் தொடங்கியிருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தாள். இந்த முறை வேலையிடத்தில் பெட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. ஊர் இல்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் படிப்பு, எதுவும் இல்லை. பேச்சு முடிந்ததும் ஒரு பொடி டப்பாவைக் காட்டி விற்றுக்கொண்டிருந்தார். முன்பு அந்த இடத்துக்கு வரும் முன்பே அவள் நிறுத்திவிட்டிருக்கிறாள். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒரு சொல் இல்லை. இப்படி ஒரு பெட்டி அவள் மேசைக்கு வந்திருந்தால் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டாள். 'இதைக் குடித்து என் கணவர் சாகப் பார்த்தார்' என்று கீழே எழுதினாள். மறுநாள் பார்த்தால் அது இல்லை. மறுபடி எழுதினாள். மறுபடியும் இல்லை. நன்றிகள் மட்டும் அப்படியே இருந்தன.

ஒருநாள் ரொஸ்னா, தன் அம்மாவின் முட்டி வலிக்கு யாரோ அனுப்பிய ஒரு எண்ணெய்ச் செய்தியைக் காட்டி, "எப்படி இருக்கும் காக்?" என்று, அக்காவிடம் கேட்பதுபோலக் கேட்டாள். புஷ்பவள்ளி அதைப் படித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குத் தெரியாது ரொஸ்னா. உங்க அம்மா வேற என்னா மருந்து சாப்பிடறாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேளு. நாளைக்கு கிளினிக்குக்குப் போறதுன்னா நானும் கூட வரேன்" என்றாள். தனக்குத் தெரியாது என்று சொல்வது அவளுக்குப் புதிதாக இருந்தது.

கார்த்திகேசுவுக்குச் சாறு குடித்ததும் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் சுத்தமாக ஞாபகத்தில் இல்லை. அதுதான் அவளை அரித்தது. யார் பார்க்க வந்தாலும், "வள்ளி... இல்லன்னா... நான் போயிருப்பேன்" என்று அவர் சொல்வார். வந்தவர்கள் அவளைப் பாராட்டுவார்கள். அவள் டீ போடப் போவதுபோல உள்ளே போய்விடுவாள். துளசிக்குச் சொல்லியாகிவிட்டது. துளசி, 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. "அப்பாகிட்ட நீதாம்மா சொல்லணும்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வந்து அவர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தபோது சொன்னாள். சாற்றைப் பற்றி முதலில் சொன்னாள். அவர் கையை லேசாக ஆட்டினார்.

"நானும்தானே... குடிச்சேன். நீ நல்லதுக்குத்தானே..."

"அது மட்டும் இல்லங்க. டாக்டர் கேட்டாரு. ஏதாவது குடுத்தீங்களான்னு நேராக் கேட்டாரு. நான் இல்லன்னு சொன்னேன். வெக்கமா இருந்துச்சி. நீங்க உள்ள கெடந்தீங்க, நான் வெளிய உக்காந்துக்கிட்டு வாயத் தொறக்கல."

அவர் அவளைப் பார்த்தார். சொல் தேடுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தாள். அவர் தேடவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவர் 'வள்ளி இல்லன்னா' என்ற அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவளைத் திட்டவும் இல்லை, சாப்பாட்டைத் தள்ளி வைக்கவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். டயாலிசிஸ் நிலையத்துக்கு அவள்தான் கார் ஓட்டிக்கொண்டு போவாள். நாற்பத்தொன்பது வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட ஓட்டம். அவள் அதைச் சொல்வதற்கு முன்பெல்லாம் வழிநெடுக அவர் பாடம் நடத்துவார்: இண்டிகேட்டர் போடு, கண்ணாடியப் பாரு, பிரேக்க மிதிக்காத, தொடு. இப்போது மடியில் கைகளை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். வாரங்கள் அப்படியே போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மழை விட்டிருந்த சடக்கில் ஓட்டிப்போகையில், அவள் காரை இடது பக்கம் ஒதுக்கப் போனாள்.

"லோரி" என்றார் அவர்.

அவள் சட்டென்று நேரே பிடித்தாள். லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு பக்கத்தில் போயிற்று. பல வாரங்களில் வழியில் அவராகச் சொன்ன முதல் வார்த்தை அது. கண்ணாடியில் வழிந்த தண்ணீரை வைப்பர் தள்ளும்வரை அவள் மெதுவாகவே ஓட்டினாள்.